பழுது: காற்று

அன்னூரில் சத்தி ரோட்டு மேல்
மோட்டார் காயில் கட்டும் பட்டறை.
வேலைச்சீட்டு எழுதுவது நான்.
ஹெச்பி எத்தனை, ஸ்டேஜ் எத்தனை,
எந்த ஊர், என்ன பழுது.
நாளுக்கு இருபது சீட்டென்றால்
நாலு நாளைக்கு ஒரு கார்ட்ரிட்ஜ்.

பேனா ஓசியில் வந்தது,
காப்பர் கம்பிக்காரர் தீபாவளிக்குக் கொடுத்தது.
கார்ட்ரிட்ஜ் ஓசியில்லை.
ஆறு கொண்ட டப்பி நூற்றெண்பது,
அதுவும் கோயமுத்தூர் போனால்தான்.
ஒவ்வொன்றிலும் முக்கால் மில்லி மை.
குடிக்கிற தண்ணியையே கேனில் வாங்கிப் பழகிய எனக்கும்
இது கொஞ்சம் எச்சாகத்தான் பட்டது.

ஒரு மத்தியானம் கரண்ட் போன நேரம்
பேனாவைக் கழற்றி மேசையில் பரப்பினேன்.
மூடி, நிப்பு, கழுத்து, வெற்று உடம்பு.
அந்த உடம்புக்குள் எவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது!
பெரிய வீட்டின் ஒற்றை அறையில்
வாடகைக்கு இருக்கிற ஆள் இந்தக் கார்ட்ரிட்ஜ்.
மிச்ச அறைகளைப் பூட்டியது யார்?

உடம்புக்குள் தண்ணீர் ஊற்றி
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன்.
அடியில் ஊசிமுனை ஓட்டை,
முத்து முத்தாகக் கசிந்தது.
எபாக்ஸி குழைத்து ஒரு பொட்டு.
காய்கிற வரைக்கும் கணக்கு நோட்டு.

அப்புறம் ஓ-ரிங்.
எங்களிடம் இருப்பதெல்லாம்
ஆறரை இஞ்சு போருக்குள் இறங்குகிறவை,
வளையலாகப் போட்டுக்கொள்ளலாம்.
லேத் ஓட்டும் கனகமூர்த்தி
மருந்தடிக்கிற பம்பின் நாசிலிலிருந்து
ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தான்.
"கழுவீட்டுப் போடுங்க்கா,
இல்லீனா எழுத்துல இருக்கற புழுவெல்லாம் செத்துப்போயிரும்."

மரைக்குச் சிலிகான் கிரீஸ்,
தீக்குச்சி நுனியில் தொட்டு.
பேரிங் கிரீஸ் கூடாது, ரப்பரைத் தின்றுவிடும்;
ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன் இதை.
மகளின் சத்து மருந்தோடு வந்த சொட்டுக்குழாயில்
நீல மை. ஒரு தரம். இரண்டு. மூன்று.
நாலு மில்லி!
திருகி மூட, வளையம் நெளிந்து உட்கார்ந்தது.
கவிழ்த்தேன். உதறினேன்.
வேஸ்ட் துணியில் சுற்றி ராத்திரி முழுக்க வைத்தேன்.
துணி வெள்ளையாகவே விடிந்தது.

பதினாறு நாள் பேனாவை நினைக்கவே இல்லை.

பதினேழாம் நாள். வைகாசி. தகரக்கூரை.
பொகலூர் வெள்ளிங்கிரி
எரிந்துபோன மோட்டாரை டெம்போவில் கொண்டுவந்திருந்தார்.
ஆயிரத்து நூறு அடி.
"மூணு நாளாக் காத்துத்தானுங்க வந்துது.
நிறுத்தாம ஓட உட்டுட்டேன், வந்துருமுன்னு..."
சீட்டை எடுத்தேன்.
பழுது என்ற கட்டத்தில் நிப்பை வைத்ததும்
பொளக்கென்று ஒரு சொட்டு விழுந்து
கட்டத்தையே மூடிவிட்டது.

மரையில் குறையில்லை, ரிங்கில் குறையில்லை.
என் கைச்சூடுதான்.
மை முக்கால்வாசி தீர்ந்த இடத்தில்
காற்று வந்து உட்கார்ந்திருக்கிறது.
சூடு பட்டு அது வீங்க,
இருக்கிற கொஞ்சமும் வெளியே.
நிறைகுடம் தளும்பாது என்று
இரட்டைக்கோட்டு நோட்டில் பத்துத் தரம் எழுதியிருக்கிறேன்.
பேனாவைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார்கள் போல.

வெள்ளிங்கிரி எட்டிப் பார்த்தார்.
"உங்க பேனாவுலயாச்சும் ஊறுதுங்களே."

அவர் சிரித்த பிறகுதான் நான் சிரித்தேன்.
வேஸ்ட் துணியால் ஒற்றிவிட்டு
சொட்டுக்குக் கீழே, இடம் இருந்த மட்டும்,
பொடி எழுத்தில்: காற்று.

பேனாவைத் திறந்து வாய்வரை நிரப்பிக்கொண்டேன்.
கட்டைவிரலெல்லாம் நீலம்.
அட்வான்ஸ் எவ்வளவுங்க போட, என்றேன்.
மோட்டாரைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார்.
"மழை வரட்டுமுங்க."

அட்வான்ஸ் கட்டத்தில் அதையே எழுதினேன்.
இந்த முறை சொட்டவில்லை.